எகிப்துக்காரர் வீடு

ஓடைப்பட்டியில் அம்மாவாசி வீட்டுக்கு எகிப்துக்காரர் வீடு என்று பேர் வந்தது நாற்பத்திரண்டாம் வருஷம் ஆனி மாதம், ஒரே சாயங்காலத்தில். அதற்கு முன்னால் அதைக் கிணத்துமேட்டு வீடு என்பார்கள். பேரை மாற்றியவர் சங்கரலிங்கம். பஞ்சாயத்து ஆபீஸ் ரேடியோவின் சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில்தான் தொங்கும்.

அது பேட்டரியில் ஓடுகிற ரேடியோ. வாரத்துக்கு ஒரு தரம் பேட்டரியை வைக்கோல் பரப்பின வண்டியில் ஏற்றிச் சின்னமனூர் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றி வரவேண்டும். வண்டி குலுங்கித் திராவகம் சிந்தினால் வைக்கோல் பொசுங்கும். பிள்ளைத்தாச்சியை ஏற்றி வருவதுபோல அதைச் சங்கரலிங்கம் ஏற்றி வருவார். சாயங்காலம் ஆறு மணிக்கு ஜன்னலைத் திறந்து பெட்டியைத் தெருப்பக்கம் திருப்பி வைப்பார். ஆண்கள் மண்ணில் உட்காருவார்கள். பெண்கள் மாட்டுத்தொட்டிக்கு அந்தப் பக்கம். யுத்தச் செய்தி யாருக்கும் புரியாது. நடுவில் வருகிற பாட்டுக்காகக் காத்துக் கிடப்பார்கள்.

அன்றைக்குப் பாட்டுக்காக யாரும் வரவில்லை. அம்மாவாசியின் மகன் குருசாமி எகிப்து தேசத்திலிருந்து பேசப்போகிறான்.

குருசாமி எட்டாவது வரை படித்துவிட்டு அல்லிநகரத்தில் ஓர் அச்சாபீஸில் ஈய எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தவன். கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், கருமாதிக் கடிதம், இவைதான் அவன் வேலை. நாற்பதாம் வருஷம் பட்டாளத்தில் சேர்ந்தான். அங்கேயும் அவன் கையில் துப்பாக்கி வரவில்லை. பட்டாளத்து ஆட்கள் படிக்கவென்று கெய்ரோவில் தமிழில் ஒரு வாரப் பத்திரிகை அடித்தார்கள். அதற்கு எழுத்துக் கோக்க உட்கார்த்திவிட்டார்கள்.

"ஏண்ணே, தட்டுல எப்படிண்ணே பேச்சு ஒட்டும்?" என்று தொட்டிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள் மொக்கம்மாள். அம்மாவாசியின் கூடப் பிறந்த தங்கச்சி. புருஷன் மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போய்க் காய்ச்சலில் செத்தபிறகு, ஒற்றை மகனை வைத்துக்கொண்டு அண்ணன் காட்டிலேயே பாடுபடுகிறவள்.

"கிராமபோன் தட்டு மாதிரித்தான். அங்கன பேசுனதப் பதிஞ்சு இங்கன கொண்டாந்து போடுறாக" என்றார் அம்மாவாசி.

"அப்ப அவன் இப்பப் பேசலையா?"

"சித்திரையில பேசுனது."

"சித்திரைப் பேச்சு ஆனியில வருதாக்கும்! எம் மருமகன் சின்னதுலயே அப்படித்தான். கூப்பிட்டா மறுநா ஏன்னு கேப்பான்."

பெண்கள் சிரித்தார்கள். குருசாமியின் தாய் முருகம்மாள் மட்டும் சிரிக்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேற்கே மலையில் பட்டுத் திரும்புகிற காற்று மண்ணை வாரி இறைத்தது. கண்ணைக் கசக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

கரகரப்பு நின்றது. "ஓடைப்பட்டி அம்மாவாசி குமாரன் குருசாமி பேசுகிறேன். அன்புள்ள தாயாரே, தந்தையாரே..."

"தாயாராமுல்ல! 'ஏத்தா, சோத்தப் போடு'ன்னு கத்துன பய."

"சும்மா இரு மொக்கம்மா."

"இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல ஆகாரம், நல்ல உடுப்பு. நம் ஜில்லாவின் வாலிபர்கள் தயங்காமல் முன்வந்து சேரவேண்டும். நான் இருக்கிறேன். என்னை நம்பி வாருங்கள்."

இரண்டு நிமிஷம்கூட இல்லை. அடுத்து வேறு ஏதோ ஊர்க்காரன் பேச ஆரம்பித்துவிட்டான். ஆண்கள் அம்மாவாசியைச் சுற்றிக்கொண்டார்கள். "எகிப்துக்காரரே!" என்று சங்கரலிங்கம் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். கூட்டத்தில் நாலு பேர் அந்தப் பேரை அப்படியே பிடித்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து கம்பங்கூழை ஊற்றி வைத்துவிட்டு முருகம்மாள் சொன்னாள்: "குரலு அவன் குரலுதான். பேச்சு அவன் பேச்சு இல்ல."

"ரேடியோவில வீட்டுப் பேச்சா பேசுவாக?"

"யாரு செருப்பையோ போட்டுக்கிட்டு நடக்கிறவன் மாதிரிப் பேசுறான்."

"பெத்தவளுக்குப் பெருமையா இருக்க மாட்டேங்குது பாரு. துவையலை இங்கிட்டுத் தள்ளு."

மறுநாள் கிணற்றில் கமலை இறைக்கும்போதே சின்னக்கருப்பு ஆரம்பித்துவிட்டான். மொக்கம்மாளின் மகன். இருபது வயசு. மாட்டைப் பின்னுக்கு ஓட்டி, முன்னுக்கு ஓட்டி, வடத்தின் மேல் உட்கார்ந்தபடியே மாமனிடம் பேசுவான்.

"மாமா, நான் பட்டாளத்துக்குப் போறேன்."

"மாட்டப் பாத்து ஓட்டுடா."

"மச்சான் ரேடியோவிலயே கூப்பிட்டாப்ல."

"உன்னையவா கூப்பிட்டான்? ஜில்லாவையே கூப்பிட்டான்."

"ஜில்லாவில நான் இல்லையாக்கும்? எத்தனை நாளைக்கு இந்த மாட்டுக்குப் பின்னாடியே போயிட்டுப் போயிட்டு வர்றது? மாடும் நானும் இதுவரைக்கும் நடந்த நடைக்கு எகிப்துக்கே போயிருக்கலாம்."

வாய்க்கால் மடை திருப்பிக்கொண்டிருந்த மொக்கம்மாள் மண்வெட்டியோடு வந்துவிட்டாள். "ஒத்தப் பிள்ளைய வச்சிருக்கேன். விடமாட்டேன். காட்டைக் கொத்துறான், கஞ்சியைக் குடிக்கிறான், அது போதும்."

"நீ போதும்ப, எனக்குப் போதாது."

பத்து நாள் வீட்டில் சண்டை. கடைசியில் மொக்கம்மாள் ஒரு முடிவுக்கு வந்தாள். "அப்பன் இல்லாத பிள்ளை. தாய்மாமன் மடியில மொட்டை போட்டான், தாய்மாமன் மடியில காது குத்துனான். எங்க அண்ணன் போன்னா போகட்டும். போகாதன்னா, செத்தாலும் ஊரு எல்லையத் தாண்டக் கூடாது." சின்னக்கருப்பும் சரி என்றான். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சில்லை. வீட்டை விட்டுத் தூரம் தொலைவு போகிறவனுக்கு மாமன்தான் திருநீறு பூசவேண்டும். மாமன் கை ஏறாத நெற்றியோடு ஒருத்தன் படியிறங்க மாட்டான்.

 ஆடி பிறந்ததும் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற மோட்டார் ஊருக்கு வந்தது. மந்தைத் திடலில் ஒரு நாற்காலி போட்டு அம்மாவாசியை அதில் உட்காரச் சொன்னார்கள். அதுவரை அவர் தாசில்தார் முன்னால்கூடத் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றவர். கழுத்தில் செவ்வந்தி மாலை விழுந்தது. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வந்தவர்கள் எல்லாரும், "உங்க மகன் பேசுனதக் கேட்டோம். நம்பிப் போகலாமா?" என்று அவரிடம்தான் கேட்டார்கள். வந்திருந்த அதிகாரி சிரித்தபடி, "உங்கள் குடும்பத்தில் இன்னும் யாராவது உண்டா?" என்றார்.

"எந் தங்கச்சி மகன் இருக்கான். ஆவணி பொறந்ததும் அனுப்பி வைக்கிறேன்" என்று மாலையோடு சொன்னார் அம்மாவாசி.

மொக்கம்மாள் கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அண்ணன் சொல்லிட்டாக" என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம்.

ஆவணிக்கு மூன்று நாள் இருக்கும்போது ஜெபமணி வந்தான். தேவதானப்பட்டிக்காரன். எகிப்தில் பட்டாளத்து லாரி ஓட்டுகிறவன், லீவில் வந்திருந்தான். சின்னமனூரிலிருந்து உச்சிவெயிலில் நடந்தே வந்திருந்தான். முருகம்மாள் மோரில் வெங்காயம் அரிந்து போட்டுக் கொடுத்தாள். இரண்டு செம்பு குடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தான்.

"குருசாமி நல்லாருக்கானாப்பா?"

"நல்லாருக்கான்த்தா. கண்ணுதான் பூத்துப்போச்சு, எழுத்துக் கோத்துக் கோத்து."

கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தான். பேரீச்சம்பழம். சுற்றியிருந்தது அந்த ஊர்ப் பத்திரிகை. அம்மாவாசி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொடி படர்ந்தது மாதிரி எழுத்து. நடுவில் ஒரு பத்தி மட்டும் மொட்டையாக வெள்ளையாகக் கிடந்தது.

"இது என்னப்பா, மை தீந்துபோச்சா?"

"அத ஏன் கேக்குறீக. அங்கன அச்சாபீசுக்கு அச்சாபீசு அதிகாரி வந்து படிச்சுப் பாப்பான். இது வேணாம், அது வேணாம்பான். வேற கோக்க நேரம் இருக்காது. அந்த எழுத்த உருவிட்டு அப்படியே வெள்ளையா அடிச்சு வித்துருவாக. வாங்குறவன் மொதல்ல அந்த வெள்ளையத்தான் பாப்பான், என்னத்த எடுத்தானோன்னு. பத்திரிகைக்குன்னு உசுர விடுற ஊருங்க அது. ஒருத்தன் படிச்சா பத்துப் பேரு சுத்தி உக்காந்து கேப்பான்."

"ரேடியோ?"

"காப்பிக்கடைக்குக் காப்பிக்கடை ரேடியோ. மாசத்துல ஒரு வியாழக்கிழமை ஒரு அம்மா பாடும். அன்னைக்கு டிராம் வண்டி காலியா ஓடும், நம்புவீகளா? முன்னாடியெல்லாம் ஆளாளுக்கு ஒரு ரேடியோ நிலையம் வச்சிருந்தாகளாம். சோப்பு விக்கிறவன் ஒண்ணு, துணி விக்கிறவன் ஒண்ணு. ஒருத்தன ஒருத்தன் ரேடியோவிலயே வைவானாம். எட்டு வருசத்துக்கு முன்னாடி சர்க்கார் அத்தனையும் மூடிட்டு, தானே ஒண்ணு தொடங்குச்சாம். இப்ப வெள்ளைக்காரன் சம்மதிச்சது மட்டுந்தான் காத்துல வரும்."

சொல்லிக்கொண்டே சட்டைக்கு உள்ளே கையை விட்டு, நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தான். "இது குருசாமி குடுத்தது. தபால்ல போட்டா படிச்சு மை பூசிருவாக. கையில வந்துச்சுன்னு யாருகிட்டயும் சொல்லிராதீக. தெரிஞ்சா எனக்கும் ஜெயிலு, அவனுக்கும் ஜெயிலு."

அவன் போனபிறகு அம்மாவாசி கதவை ஒருக்களித்துவிட்டு உட்கார்ந்தார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். முருகம்மாள் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து கேட்டாள்.

ரேடியோவில் பேசினது என் பேச்சு இல்லை என்று எழுதியிருந்தான். தட்டச்சடித்த தாளைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். கடைசி வரியை மட்டும் விட்டுவிடுகிறேன் என்று கேட்டேன், நடக்கவில்லை. போன மாதம் பாலைவனத்தில் நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் பிடிபட்டார்கள். செத்தவர்கள் கணக்கு எங்களுக்குத் தெரியும், ஆனால் எழுத்துக் கோக்க விடமாட்டார்கள். ஜெர்மன்காரன் வந்துவிடுவான் என்று இங்கே ஆபீஸ் காகிதங்களைக் குவித்துக் கொளுத்துகிறார்கள். தெருவெல்லாம் சாம்பல் பறக்கிறது. என்னை நம்பி யாரும் வரவேண்டாம். முக்கியமாகச் சின்னக்கருப்பு. அவன் எனக்கு எழுதுகிற கடிதத்தில் எல்லாம் வருகிறேன் வருகிறேன் என்கிறான். அத்தை மகனை விட்டுவிடாதீர்கள். மாமன் மாட்டேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

அம்மாவாசி அந்தக் கடைசி வரியை இரண்டு தரம் கூட்டிப் படித்தார். இரண்டாம் தரம் சத்தமில்லாமல்.

"போயிச் சொல்லிட்டு வாங்க" என்றாள் முருகம்மாள்.

"என்னத்த?"

"மாட்டேன்னு ஒரு சொல்லு. காரணங்கூடச் சொல்ல வேணாமே. கனாவுல சாமி வந்துச்சுன்னு சொல்லுங்க."

"மந்தையில மாலையப் போட்டுக்கிட்டுச் சொன்னவன்டி நான். நாலு ஊரு ஆளு எங்கிட்டக் கேட்டுட்டுப் போயி மகன அனுப்பியிருக்கான். எந் தங்கச்சி மகன மட்டும் பிடிச்சு வச்சுக்கிட்டேன்னா நாளைக்கு எம் மூஞ்சியில துப்ப மாட்டானா?"

"துப்பட்டுமே."

"எம் மகன் சொன்னது பொய்னு நானே சொல்லவா?"

"அவனே எழுதியிருக்கானே."

"இது வெளிய தெரிஞ்சா அவனை அங்கனயே நிக்கவச்சுச் சுட்டுருவாக. ஜெபமணி என்ன சொன்னான், கேட்டேல்ல?"

ஜெபமணி ஜெயில் என்றுதான் சொன்னான், சுடுவார்கள் என்று சொல்லவில்லை. முருகம்மாளுக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனாலும் சுடுவார்கள் என்ற சொல் உள்ளே விழுந்துவிட்டது.

"போற எல்லாரும் சாகவா செய்றான்?" என்றார் அம்மாவாசி, கொஞ்சம் தணிந்து. "எம் மருமகன் நாலு காசத் தேடிட்டு நல்லபடியா வருவான். அந்தத் தாளை அடுப்புல போடு."

அவர் கை நீட்டியபடி இருந்தது. அவள் வாங்கினாள். கேப்பைக்களிக்கு உலை கொதித்துக்கொண்டிருந்தது. பானைக்கு அடியில் செருகினாள். என் பிள்ளையைக் காப்பாற்றத்தான் செருகுகிறேன் என்று சொல்லிக்கொண்டே செருகினாள்.

ஆவணி முதல் தேதி காலையில் சின்னக்கருப்பு குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, மாமன் வீட்டு வாசலில் வந்து நின்றான். மொக்கம்மாள் கடலையை வறுத்து வெல்லப்பாகில் உருட்டித் துணியில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அம்மாவாசி திருநீற்றை எடுத்தார். பிடி நிறைய அள்ளிப் பூசியதில் பாதி அவன் மூக்கில் கொட்டியது.

"மாமாவுக்கு என்னை விட மனசில்ல போல" என்று தும்மிக்கொண்டே சிரித்தான் சின்னக்கருப்பு. "நான் இல்லாட்டி கமலைக்கு ஆளு இல்லைன்னு வருத்தம். மாடு இருக்குல்ல மாமா, அதுக்கே பேசச் சொல்லிக் குடுங்க. அத்தை, வரட்டுமா?"

முருகம்மாள் அவன் முகத்தைப் பார்க்காமல், "போயிட்டு வாப்பா" என்றாள்.

தந்தி நாற்பத்துநாலாம் வருஷம் வைகாசியில் வந்தது. எகிப்துக்குப் போகவில்லை சின்னக்கருப்பு. பர்மா எல்லையில் ஏதோ மலையில் செத்துப்போனான். சங்கரலிங்கம்தான் படித்துச் சொன்னார். மொக்கம்மாள் வெங்காயக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். விழுந்த இடத்திலேயே கிடந்தாள். முருகம்மாள்தான் ஓடிப்போய் மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். பதினாறு நாளும் அவள் வீட்டிலேயே இருந்தாள். மொக்கம்மாள் சோற்றுக்கு வாயைத் திறக்கமாட்டாள், இவள் கூழைக் கரைத்து ஊட்டுவாள். ஊட்டும்போதெல்லாம் அந்தக் காகிதத்தில் ஒவ்வொரு வரியும் கண்ணில் நிற்கும்.

"உன்னைய விட்டா எனக்கு யாரு மதினி இருக்கா" என்பாள் மொக்கம்மாள்.

முருகம்மாள் அடுத்த வாய் கூழை ஊட்டுவாள்.

அம்மாவாசி ரேடியோப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். கேட்டால் காது மந்தம் என்பார். மொக்கம்மாளுக்கு அண்ணன் மேல் கோபம் இல்லை. அண்ணனுக்கு என்ன தெரியும், பெற்ற மகன் சொன்னதை நம்பினார். அவளுடைய கோபமெல்லாம் குருசாமி மேல். "ரேடியோவில கூப்பிட்ட வாயி. அவன் வரட்டும், அந்த வாயிக்கு நான் வச்சிருக்கேன்" என்று காட்டில் யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். முருகம்மாள் கேட்டுக்கொண்டே களை பறிப்பாள்.

நாற்பத்தாறு சித்திரையில் குருசாமி வந்து சேர்ந்தான். முன்மண்டையில் முடி போய்விட்டிருந்தது. காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் படித்தான். முருகம்மாள் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். அள்ளி அள்ளிச் சாப்பிட்டான்.

"அங்கன என்னப்பா திம்பீக?"

"பெரிய பெரிய அவரைக்கொட்டைய வேகவச்சு எண்ணெய ஊத்திக் குடுப்பாகத்தா. ரொட்டி வட்டமா, உள்ள காத்தடைச்ச மாதிரி. அச்சாபீசுல கூட வேலை பாத்த பெரியவர் ஒருத்தர் தினம் எனக்கும் சேத்துக் கொண்டாருவார். அவுக எழுத்து வலது பக்கமிருந்து வருது. ஒரே எழுத்து முன்னாடி வந்தா ஒரு மாதிரி, நடுவுல வந்தா ஒரு மாதிரி. பெட்டி பெட்டியா அச்சு. நம்ம எழுத்தே கஷ்டம்னு நெனச்சேன், அவருகிட்டப் பாத்தபிறகு வாயத் திறக்கல. அவரு மூத்த மகன் முந்தின யுத்தத்துல வெள்ளைக்காரனுக்குக் கூலியாளாப் போயி வரவே இல்லையாம். நான் ரேடியோவில பேசிட்டு வந்த அன்னைக்கு எல்லாரும் கை குடுத்தாக. அவரு மட்டும் ஒண்ணும் பேசல. ரெண்டு நா ரொட்டியும் கொண்டாரல."

சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான். "ஐயா, ஜெபமணி கையில ஒரு லெட்டர் குடுத்துவிட்டேனே. வந்துச்சா?"

முருகம்மாள் குழம்புச் சட்டிக்குள் கரண்டியை வைத்தபடி நின்றாள்.

"வரலையே" என்றார் அம்மாவாசி.

குருசாமி சோற்றை இலையோரம் ஒதுக்கினான். "ஜெபமணி நாப்பத்துமூணுலயே போயிட்டான். லாரி கண்ணி வெடியில ஏறிருச்சு. அவன்கிட்டக் கேக்கவும் முடியாது. பயந்துக்கிட்டு வழியில கிழிச்சுப் போட்டிருப்பான்." கை கழுவிவிட்டான். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

மறுநாள் கடலைக்காட்டில் ஆய்ப்பு. பிடுங்கிப் போட்ட செடிகள் குவியல் குவியலாகக் கிடந்தன. பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்து செடியை உதறி, காயை ஆய்ந்து கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாவாசி கொடியைக் கட்டி மாட்டுத்தீவனப் படப்புக்குத் தூக்கிக்கொண்டிருந்தார். வெயில் முதுகில் ஏறிவிட்டிருந்தது. மொக்கம்மாளும் முருகம்மாளும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள், ஒரே கூடைக்கு.

"மொக்கம்மக்கா, உன் மருமகன் வர்றாப்ல" என்றாள் பிச்சையம்மாள் வரிசையின் கோடியிலிருந்து. "வெள்ளைக்காரச் சட்டையோட."

மொக்கம்மாள் நிமிரவில்லை. குருசாமி வரப்பை விட்டு இறங்கி நேரே வந்தான். செடிக்குவியலைத் தாண்டி, அவள் காலடியில் மண்ணில் உட்கார்ந்தான்.

"அத்தை."

மொக்கம்மாள் ஆய்ந்த காயைக் கூடையில் போட்டாள்.

"என்னைய வையிங்க அத்தை. ரெண்டு அடி அடிங்க. அன்னைக்கு நான் வாசிச்சது தாளுல எழுதிக் குடுத்தது. மாட்டேன்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. என்னாலதான் போனான்."

"தாளுல எழுதிக் குடுத்தா வாசிச்சுருவியா? எம் பிள்ளைய வெட்டுன்னு தாளுல எழுதிக் குடுத்தா வெட்டிருவியா?"

"அக்கா, வந்த பிள்ளைய..." என்றாள் யாரோ.

"நீ சும்மா இருடி. உன் மகன் வீட்டுல மாடு மேய்க்கிறான். என்னை நம்பி வாங்கன்னு இவன்தான் சொன்னான். ஊரே கேட்டுச்சு. நான் வேற சிரிச்சுக்கிட்டே கேட்டேன், பாவி."

"அதுக்குப் பிறகு மனசு கேக்காம நான் லெட்டர் எழுதுனேன் அத்தை. சின்னக்கருப்ப விடாதீகன்னு பேரு போட்டு எழுதுனேன். கையில குடுத்துவிட்டேன். வந்து சேரல."

மொக்கம்மாள் அப்போதுதான் நிமிர்ந்தாள். சிரித்தாள். "நல்லாருக்கு மருமகனே. வராத லெட்டருல என்ன வேணாலும் எழுதியிருக்கலாம். நானுந்தான் உங்க வெள்ளைக்கார ராசாவுக்கு எழுதுனேன், யுத்தத்த நிறுத்துன்னு. வந்து சேரல."

வரிசையில் இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள்.  குருசாமி முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினான். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவனைப் போலவே இருந்தது அவன் முகம்.

"வந்துச்சு" என்றாள் முருகம்மாள்.

யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை.

"என்ன மதினி?"

"லெட்டர் வந்துச்சு. ஜெபமணி வீட்டுல வந்து குடுத்துட்டுத்தான் போனான். உன் மகன் கிளம்புறதுக்கு மூணு நாளைக்கு முன்னாடி."

குருசாமி தாயின் முகத்தைப் பார்த்தான். பிறகு படப்புப் பக்கம் திரும்பி அப்பாவைப் பார்த்தான். அம்மாவாசி தலையில் கொடிக்கட்டோடு நின்றுகொண்டிருந்தார். இறக்கவும் இல்லை, நடக்கவும் இல்லை.

"என்ன எழுதியிருந்துச்சு?" என்று கேட்டாள் மொக்கம்மாள். கை ஆய்ந்துகொண்டேதான் இருந்தது.

"அவன் சொன்னதுதான்."

"நீ சொல்லு மதினி."

"அத்தை மகன விட்டுறாதீகன்னு. மாமன் மாட்டேன்னு ஒரு சொல்லு சொன்னாப் போதும்னு."

"அது எங்க?"

"எரிச்சாச்சு."

"அண்ணனா?"

"அவுக போடுன்னாக. அடுப்புல போட்டது நான்."

அம்மாவாசி கட்டைக் கீழே போட்டார். "மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, கிணற்றுப் பக்கம் இல்லாமல் ஓடைப் பக்கமாக நடந்தார். யாரும் கூப்பிடவில்லை.

மொக்கம்மாள் அவர் போகிற திசையைப் பார்க்கவே இல்லை. "தந்தி வந்த அன்னைக்கு என்னைய மடியில போட்டுக்கிட்டு அழுதியே மதினி, அப்ப இது தெரியுமா?"

"தெரியும்."

"பதினாறு நாளும் எனக்குச் சோறு ஊட்டுனியே?"

"தெரியும்."

"ரெண்டு வருசமா இங்கன உக்காந்து இந்தப் பயல நான் வையிறேன். பெத்த பிள்ளைய வையக் கேட்டுக்கிட்டு எம் பக்கத்துலயே உக்காந்திருந்தியே."

 முருகம்மாளின் கையிலிருந்த செடியில் காய் எல்லாம் ஆய்ந்து முடிந்துவிட்டிருந்தது. வெறும் வேரைத் தடவிக்கொண்டிருந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி மொக்கம்மாள் நாலு கேட்டிருந்தால், தலைமுடியைப் பிடித்து இழுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரிசை முழுக்கக் கையை நிறுத்திவிட்டு அதற்குத்தான் காத்திருந்தது.

மொக்கம்மாள் மடியை உதறினாள். மண்ணில் உட்கார்ந்திருந்த குருசாமியின் தோளைத் தொட்டாள். "எந்திரி மருமகனே, மண்ணு சுடுது. போயி நிழல்ல உக்காரு. மத்தியானம் நம்ம வீட்டுல சாப்பிடு" என்றாள். அவன் எழுந்திருக்கக் கை கொடுத்தாள்.

பிறகு இடம் மாறவில்லை. அங்கேயேதான் உட்கார்ந்தாள். அடுத்த செடியை எடுத்து மண்ணை உதறினாள். நாலு காய் ஆய்ந்தாள். போடுவதற்குக் கூடை எட்டவில்லை. முருகம்மாள் பக்கம் திரும்பி, சந்தையில் முன்பின் தெரியாத பொம்பளையிடம் வழி கேட்பதுபோல மரியாதையாகச் சொன்னாள்:

"ஏங்கம்மா, அந்தக் கூடைய இங்கன கொஞ்சம் தள்ளுங்க."

முருகம்மாள் தள்ளினாள்.